பிரேக் பெடல் முதல் மிதியில் பாதிக்கும் கீழே போகிறது, மூன்று முறை ஏர் எடுத்தும் சரியாகவில்லை

நீலக்கதவு

வணக்கம். 1998 மாடல் சிறிய ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், வேக்குவம் பூஸ்டர் (இன்ஜினின் வேக்குவத்தால் மிதிக்கு வலு கூட்டும் டப்பா) உண்டு, ஏபிஎஸ் கிடையாது. பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்தது: முன் இடதும் பின் வலதும் ஒரு சர்க்யூட், முன் வலதும் பின் இடதும் இன்னொன்று.

முன் காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) இரண்டிலும் பிஸ்டன் துருவேறி இறுகிவிட்டதால் பழுது பார்த்த காலிப்பர்களும் புது பேடும் போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே போய், பஞ்சை மிதிப்பதுபோல் அமுங்குகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலே வருகிறது, ஆனால் கெட்டியாக இல்லை. ஒரு நிமிடம் விட்டு மிதித்தால் பழையபடி கீழே.

ஒருவர் மிதிக்க ஒருவர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறக்க, லைனில் இருக்கும் காற்றை வெளியேற்ற மூன்று முறை ஏர் எடுத்தோம். ஒரு லிட்டர் டாட் 4 ஆயில் செலவு. கடைசி முறை ஒரு குமிழிகூட வரவில்லை. வெளியே எங்கும் ஈரமில்லை, டப்பாவில் ஆயில் மட்டமும் குறையவில்லை. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பகுதி) போய்விட்டது, மாற்று என்கிறார்கள். மாற்றுவதற்கு முன் அதுதானா என்று உறுதிசெய்ய வழி உண்டா?

பத்து நம்பர் ஸ்பேனர்

உண்டு நண்பரே. எதையும் கழற்றாமலே முக்கால்வாசி தெரிந்துவிடும். அதுவரை வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம்.

"பெடல் கீழே போகிறது" என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. காலுக்குத் தெரியும் வித்தியாசம்தான் முதல் துப்பு. பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் கொடுக்கும் அழுத்தம் பேடுக்குப் போகாமல் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஒரே அழுத்தமாக மிதித்து வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ ஆயில் நழுவுகிறது. வெளியே ஈரம் இல்லையென்றால் அது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே, பிஸ்டனில் இருக்கும் ரப்பர் கப்பை (சீல்) தாண்டிப் பின்னுக்குப் போகிறது. தாழ்வாகப் போனாலும் போன இடத்தில் கெட்டியாக நின்று, இரண்டாவது மிதியில் உயர்ந்தால் பின் ஷூவுக்கும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பகுதி) டிரம்முக்கும் இடைவெளி அதிகம். இல்லையென்றால் வீல் பேரிங் ஆட்டமோ டிஸ்க் கோணலோ பேடை உள்ளே தள்ளிவிடுகிறது. கல்லை மிதிப்பதுபோல் இருந்தால் பூஸ்டர் அல்லது அதன் வேக்குவம் குழாய். உங்கள் வண்டிக்கு அந்தக் கடைசி ரகம் பொருந்தாது.

நீங்கள் சொல்லும் அடையாளம் முதலாவதும் மூன்றாவதும் கலந்தது. மாஸ்டர் சிலிண்டரைத் தொடுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து முறை மிதியுங்கள், பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் தீரட்டும். பிறகு மிதமான அழுத்தத்தில் ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். இறங்குகிறதா? அதையே மிக லேசான அழுத்தத்திலும் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பலமாக மிதித்தால் ஆயிலின் அழுத்தமே ரப்பர் கப்பின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்ட வைத்துவிடும். தேய்ந்த கப் லேசாக மிதிக்கும்போதுதான் மாட்டும். பெடலைப் பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் ஒரு சிறு அளவு கீழே இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது.

அடுத்து ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மிதியுங்கள். பெடல் பழையதைவிடக் குறிப்பிடத்தக்க உயரத்தில் நின்றால் பின் ஷூ தூரத்தில் இருக்கிறது.

காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து மேலே சும்மா வையுங்கள். உதவியாளர் வேகமாகப் பதினைந்து, இருபது முறை மிதித்துப் பிடித்து, சட்டென்று காலை எடுக்கட்டும். நீங்கள் மூடியைச் சற்று விலக்கிப் பாருங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. உள்ளே ஆயில் ஊற்றுபோல் எழும்பினால் லைனில் சுருங்கியிருந்த காற்று விரிந்து ஆயிலைத் திருப்பி அடிக்கிறது என்று அர்த்தம். லேசான சலனம் மட்டும் இருந்தால் இயல்பு.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க, ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஹோஸ் கிளாம்ப் போட்டு அடையுங்கள். வழவழப்பான, உருண்டையான தாடை உள்ள கிளாம்ப் மட்டுமே. கட்டிங் பிளேயர், வைஸ் கிரிப் வேண்டாம், உள் ரப்பர் கிழிந்துவிடும். எல்லாம் அடைபட்ட நிலையில் பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் நல்லது. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வாருங்கள். எதைத் திறந்ததும் பெடல் விழுகிறதோ அங்கேதான் காற்றோ இடைவெளியோ இருக்கிறது. ஹோஸில் ஏற்கெனவே வெடிப்பு தெரிந்தால் கிளாம்ப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

குறுக்குக்குழாய்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு டார்ச்சை எடுத்துட்டுப் போய் முன் காலிப்பரைப் பாருங்க. ஏர் எடுக்கிற நிப்பிள் மேலே இருக்கா, கீழே இருக்கா?

காலிப்பர் மாத்தின பிறகு தொடங்கின கோளாறு, குமிழியே வரலை, ஆனா பஞ்சு போகலை. இந்த மூணும் சேர்ந்தா முதல் சந்தேகம் இடது வலது மாறிப்போச்சுங்கிறதுதான். நிறைய வண்டியில ரெண்டு காலிப்பரும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடிப் பிம்பம். இடம் மாத்திப் போட்டாலும் போல்ட் பொருந்தும், பேட் உட்காரும், ஹோஸும் எட்டும். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு: நிப்பிள் தலைகீழாப் போயிடும்.

காற்று எப்பவும் மேலே ஏறும். நிப்பிள் கீழே இருந்தா பிஸ்டனுக்குப் பின்னாடி இருக்கிற குழியோட மேல் பாதியில காற்று அப்படியே தங்கிடும். நீங்க திறந்துவிடுறப்போ சுத்தமான ஆயில் அடியில இருந்து வெளியேறும், குழாய்ல குமிழி தெரியாது. எத்தனை லிட்டர் ஊத்தினாலும் அதே கதைதான்.

கீழே இருந்தா ரெண்டையும் கழற்றி இடம் மாத்துங்க. ஹோஸைக் காலிப்பர்ல பிடிக்கிற பேன்ஜோ போல்ட்டுல, ஹோஸ் முனையோட ரெண்டு பக்கமும் இருக்கிற செப்பு வாஷர் புதுசாப் போடணும், பழசு ஒரு தடவை நசுங்கினது. ஹோஸ் முறுக்கிக்காம இருக்கான்னு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. டயர்லயோ ஸ்ட்ரட்லயோ உரசக்கூடாது.

நீலக்கதவு

நிப்பிள் இரண்டும் கீழேதான்! நன்றி குறுக்குக்குழாய், அந்தக் கோணத்தில் பார்க்கவே இல்லை.

காலிப்பர்களை இடம் மாற்றி, புது செப்பு வாஷர் போட்டு, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தாயிற்று. முன் இரண்டிலும் பெரிய பெரிய குமிழிகள் வந்தன. பஞ்சு போன்ற உணர்வு போய்விட்டது.

ஆனால் இரண்டு விஷயம் மிச்சம். ஒன்று, ஹேண்ட்பிரேக்கை இழுத்து மிதித்தால் பெடல் இரண்டு விரல் அளவு உயர்கிறது. இரண்டு, இன்ஜின் ஓடும்போது லேசாக மிதித்துப் பிடித்தால் அரை நிமிடத்தில் பெடல் மெல்ல இறங்கிக் கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிறது. பலமாக மிதித்தால் நிற்கிறது. டப்பாவில் மட்டம் அப்படியே இருக்கிறது. காலிப்பர் மாற்றுவதற்கு முன் இந்த இறக்கம் நிச்சயமாக இல்லை.

பத்து நம்பர் ஸ்பேனர்

இப்போது மாஸ்டர் சிலிண்டர்தான். நல்லதாக இருந்தது ஏர் எடுக்கும்போது கெட்டிருக்கிறது.

தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் தன் பாதையின் முன்பகுதியில் மட்டும்தான் போய் வரும். அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால், கப் எட்டாத பகுதியில் வருடக்கணக்கில் துருவும் கசடும் படிந்து மெல்லிய விளிம்பு கட்டியிருக்கும். ஏர் எடுக்க நிப்பிளைத் திறந்துவைத்துப் பெடலைத் தரை வரை மிதிக்கும்போது பழைய ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறி இறங்கும். மூன்று முறை ஏர் எடுத்ததில் எத்தனை மிதி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், உதடு கிழிய அது போதும். பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, தரையைத் தொடாமல் பாதியிலேயே நிறுத்துவது இதற்காகத்தான்.

உறுதிசெய்துகொள்ள: மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாய்களைக் கழற்றி, துளைகளில் அடைப்பு பிளக் போடுங்கள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் எம்10×1 மரை, ஆனாலும் கழற்றிய நட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள், நுனியின் வடிவமும் ஒத்திருக்க வேண்டும். பிளக் போட்டபின் பெடல் மேலேயே பாறை மாதிரி நிற்க வேண்டும். லேசாக மிதித்து அப்போதும் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

மட்டம் குறையாததால் கசிவு உள்ளுக்குள்ளேயே சுற்றுகிறது. எதற்கும் சிலிண்டரைக் கழற்றியதும் பூஸ்டர் வாயில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பின் சீல் போயிருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் சொட்டும், வெளியே ஒரு துளி தெரியாது. அங்கே ஆயில் தேங்கியிருந்தால் அதன் ரப்பர் டயஃப்ரமும் ஊறிக் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு.

மாற்றும் முறை. டப்பாவில் இருக்கும் ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். சுற்றிலும் துணி போடுங்கள், பெயின்ட்டில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். குழாய் நட்டைத் திறக்க ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும், பெரும்பாலும் 10 எம்எம். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் மூலையை உருட்டிவிடும், பிறகு குழாயையே வெட்ட நேரும். நட் குழாயோடு சேர்ந்து சுற்றினால் நிறுத்திவிட்டு துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

புது சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன் மேசையிலேயே ஏர் எடுங்கள். விளிம்பை மட்டும் வைஸில் பிடித்து, சிலிண்டர் சமமாகப் படுத்திருக்கட்டும். உடம்பை இறுக்கினால் உட்சுவர் நசுங்கும். துளைகளிலிருந்து இரண்டு சிறு குழாய்களை வளைத்து டப்பாவுக்குள், ஆயில் மட்டத்துக்குக் கீழே முனை இருக்கும்படி விடுங்கள். மழுங்கிய முனை உள்ள ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை நிதானமாகத் தள்ளித் தள்ளி விடுங்கள். முதலில் நுரையாக வரும், பிறகு ஊசிமுனை அளவுக் குமிழிகள், கடைசியில் ஆயில் மட்டும். அந்தக் கடைசிச் சிறு குமிழிகள் நிற்கும்வரை விடாதீர்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் வண்டியில் மாட்டியபின் அந்தக் காற்றை விரட்டுவது பெரும்பாடு.

குழாய் நட்டை முதலில் கையாலேயே சில மரை ஏற்றிவிட்டு, பிறகுதான் சிலிண்டரின் இரண்டு போல்ட்டை இறுக்குங்கள். முதலில் சிலிண்டரை இறுக்கிவிட்டால் குழாய் நேர்கோட்டுக்கு வராது, மரை குறுக்காக ஏறும்.

பூஸ்டரின் புஷ் ராட் நீளத்தைப் பழைய சிலிண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராட் முனைக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான் இடைவெளி, அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இடைவெளி கூடினால் பெடல் வீணாக ஆழம் போகும். ராட் நீண்டுவிட்டால் ஆபத்து அதிகம்: பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும், ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் இரண்டு மில்லிமீட்டர் தளர்த்துங்கள். சக்கரங்கள் விடுபட்டால் ராட்தான் காரணம்.

டிரம்காரன்

பின் ஷூவை முதலில் சரிசெய்துவிட்டு ஏர் எடுங்கள். ஷூ தூரத்தில் இருக்கும்போது பெடல் உயரத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளை முழுதாகத் தளர்த்துவதுதான் முதல் வேலை. பெடல் தாழ்வாக இருக்கிறது என்று கேபிளை இழுத்து இறுக்கி வைத்திருப்பார்கள். அப்போது ஷூவின் லீவர் ஓய்வு நிலைக்குத் திரும்பாது, தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்யவே செய்யாது. டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரின் பல் சக்கரம் விரலால் சுழல்கிறதா பாருங்கள். பெரும்பாலும் துருப்பிடித்து நின்றிருக்கும். கழற்றி, மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம்செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மிக மெல்லிசாகத் தடவுங்கள். லைனிங்கில் பட்டுவிடக் கூடாது. இடது வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசை. மாற்றிப் போட்டால் ஓட ஓட இடைவெளி கூடும்.

வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை மெல்லத் தூக்கிப் பாருங்கள். லேசான ஈரப்பசை பரவாயில்லை, சொட்டாக வந்தால் மாற்ற வேண்டும். டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருக்கும், அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் டிரம்மும் போக வேண்டியதுதான்.

டிரம்மைப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பல் சக்கரத்தைத் திருகுங்கள். சுற்றவே முடியாமல் பிடித்ததும், லேசாக உரசும் சத்தம் மட்டும் வரும் வரை திரும்ப விடுங்கள். பெடலைச் சில முறை மிதித்து ஷூ நடுவுக்கு வந்தபின் மீண்டும் ஒரு முறை பாருங்கள். அதன் பிறகே ஹேண்ட்பிரேக் கேபிள்.

இன்னொன்று. பின் அச்சில் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் லோடு வால்வு இருந்தால், பின்புறத்தைத் தூக்கிச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் ஏர் எடுக்காதீர்கள். வண்டியில் சுமையே இல்லை என்று நினைத்து வால்வு பின் லைனைக் குறுக்கிவிடும், ஆயில் நூலாக வரும், காற்று உள்ளேயே தங்கும். ஸ்டாண்டை அச்சுக்கு அடியில் கொடுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் முழுதாக மாற்றத்தான் வேண்டுமா? உட்சுவர் சுத்தமாக இருந்தால் ரப்பர் கிட் போதும் என்பது என் கருத்து.

பத்து நம்பர் ஸ்பேனர்

வார்ப்பிரும்பு சிலிண்டராக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். நகத்தில் தட்டும் அளவுக்குக் குழியோ கோடோ இல்லாதவரை கிட் போடலாம். இந்தக் காலத்து வண்டியில் உடம்பு அலுமினியமாக இருக்கும். அதன் உட்சுவரில் கடினமான மெல்லிய பூச்சு உண்டு. ஹோனிங் (சாணைக்கல்லால் உட்சுவரைத் தேய்ப்பது) செய்தாலோ உப்புத்தாளால் தேய்த்தாலோ அது போய்விடும், புதுக் கப்பும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இவர் வண்டியில் கப் கிழிந்ததற்குக் காரணமே உட்சுவரின் சொரசொரப்பு. அந்தச் சுவரிலேயே புது ரப்பரைப் போடுவதை நான் சொல்ல மாட்டேன்.

டிரம்காரன்

அலுமினியம் என்றால் சரிதான், முழுசாக மாற்றுங்கள்.

நீலக்கதவு

பிளக் போட்டுப் பார்த்ததில் பெடல் இறங்கியது. சிலிண்டர் அலுமினியம்தான். பூஸ்டர் உள்ளே காய்ந்திருக்கிறது. புதுசு மாட்டப் போகிறேன். ஆயிலில் ஒரு சந்தேகம்: டாட் 5.1 இன்னும் நல்லது என்கிறார்கள், ஒருவர் டாட் 5 என்கிறார். பாதி மீதம் இருக்கும் பழைய டாட் 4 புட்டியை ஊற்றலாமா?

குறுக்குக்குழாய்

டாட் 5 வேண்டவே வேண்டாம். அது சிலிக்கோன், உங்க லைன்ல இருக்கிற டாட் 4 கிளைகால் (glycol) வகை, அதோட இது சேராது. 5.1 பேர்தான் கிட்டத்தட்ட ஒண்ணு, வகை வேற. டாட் 3, 4, 5.1 மூணும் ஒரே குடும்பம், கலந்தாலும் ஆபத்து இல்லை.

வித்தியாசம் கொதிநிலையில. டாட் 4 புதுசா இருக்கிறப்போ குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினதும் 155. 5.1க்கு 260, 180. ஈரம் ஏறினதுன்னு தரப்படி சொல்றது 3.7 சதவீதம் தண்ணீர். இந்த வகை ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானா இழுக்கும். இறக்கத்துல தொடர்ந்து பிரேக் பிடிச்சா சூடு ஏறி உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போயிடும். உங்க வண்டிக்கு டாட் 4 தாராளம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

திறந்து வச்ச புட்டி வேண்டாம், சீல் உடைக்காத புதுசு. தப்பித்தவறிக்கூட இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ பட்ட புனலை உபயோகிக்காதீங்க. பெட்ரோலிய எண்ணெய் பட்டா ரப்பர் கப் எல்லாம் ஊதிப் பெருத்துடும், அப்புறம் மாஸ்டர்ல இருந்து வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரும் மாத்தணும்.

நீலக்கதவு

முடிந்தது. பின் இரண்டு அட்ஜஸ்டரும் அசையாமல் இறுகியிருந்தன. சுத்தம்செய்து சரிசெய்தபின் ஹேண்ட்பிரேக் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் பெடல் ஒரே உயரத்தில் நிற்கிறது. புது சிலிண்டரை மேசையில் ஏர் எடுத்து மாட்டினேன். பெடலுக்கு அடியில் கட்டை வைத்து, ஸ்டாண்டை அச்சுக்குக் கொடுத்து நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்ததில் அரை லிட்டருக்குள் முடிந்தது. லேசாக இரண்டு நிமிடம் பிடித்தும் இறங்கவில்லை. இன்ஜின் அணைத்த நிலையில் பெடலின் சும்மா ஆட்டம் 4 மில்லிமீட்டர். இது சரியா?

பத்து நம்பர் ஸ்பேனர்

பல வண்டிகளில் 1 முதல் 6 மில்லிமீட்டருக்குள் கொடுத்திருப்பார்கள், உங்கள் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் நடை வேகத்தில் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்கி நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் அங்கே சிறைப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி வழியை அடைத்திருக்கும். முன் இரண்டும் சேர்ந்து கொதித்தால் புஷ் ராட்டைப் பாருங்கள். மறுநாள் காலை குழாய் நட்டுகளையும் நிப்பிள்களையும் வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.